பெனலை மாத்தினா கார் ஏசி ஒட்டோ ஏசி ஆகிடுமா?

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், வைத்த வெப்பநிலையைத் தானே காக்கும் ஒட்டோ ஏசியின் பட்டன் பெனலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, "பூட்டினால் சரிதானே?" என்று கேட்பவர்களை என்ன செய்வது! பழைய ஹீட்டர் பெட்டியில் சூடு-குளிர் கதவை இழுப்பது வெறும் கேபிள். பெனலோ அந்தக் கதவைத் திருப்பும் சேர்வோ மோட்டருக்குக் கட்டளை போடும்; கேட்கத்தான் ஆளில்லை. ஆக, மோட்டர்களோடு முழுப் பெட்டியும் வேண்டும். ஃபேன் வேகத்தை மாற்றும் புளோவர் ரெசிஸ்டருக்குப் பதில் பவர் ட்ரான்சிஸ்டர், முன் பம்பருக்குள் வெளிச்சூட்டை அளக்க ஒரு சென்சர், டேஷ்போர்ட் மேல் வெயில் சென்சர்.

இவ்வளவும் பூட்டிவிட்டு, கெபின் சூட்டை அளக்கும் உள்சென்சருக்குப் பின்னாலுள்ள விரல் தடிப்புக் குழாயை மறந்துவிடுவார்கள். கெபின் காற்றைச் சென்சர் மேல் இழுப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் சென்சர் அளப்பது டேஷ்போர்டின் சூட்டை. 24இல் வைத்தாலும் மருதானை வெயிலில் ஃபேன் முழு வேகத்தில் அலறும். பிறகு "கேஸ் குறைவு" என்று கேஸ் அடிக்கப் போவார்கள்!