முகத்தைக் கழுவச் சொல்லாதீர்கள்

முப்பதைத் தாண்டியவர் முகத்தில் பரு இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். “தண்ணி ஒழுங்கா குடிக்கிறியா?” “ராத்திரி முழிக்காதே.” “என்ன ஃபேஸ் வாஷ் போடறே?” கேட்பது அக்கறையில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தீர்ப்புதான் இருக்கிறது: நீ உன்னைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வேளையும் முகம் கழுவி, தலையணை உறையை மாற்றி, செல்போன் திரையைக்கூடத் துடைத்து வைக்கிறவளுக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் தாடையிலும் மோவாயிலும் விடாமல் வருகிற பரு அழுக்கினால் வருவதில்லை. கழுவிக் கழுவி அதைப் போக்கவும் முடியாது. அது நாள்பட்ட தோல் நோய். மருந்து இருக்கிறது. ஆனால் அந்த மருந்தின் காலக்கணக்கு நம் அவசரத்துக்கு ஒத்துவராதது. பாதிப் பேர் தோற்பது அங்கேதான்.

அனுபவித்தவர்களுக்குத் தெரியும், இது பள்ளிக்கூட வயதில் நெற்றியிலும் மூக்கிலும் பொரிப்பொரியாக வந்த பரு இல்லை. முதலில் வலிதான் வரும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மோவாய்க்குக் கீழே விரல் பட்டால் சுருக்கென்று இருக்கும். அமுக்கினால் ஆழத்தில் கட்டியாக ஒன்று தட்டுப்படும். அடுத்த ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து மேடாகும். பழுக்காது, உடையாது, அப்படியே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். போகும்போதும் சும்மா போகாமல் ஒரு கறுப்புத் தடத்தை வைத்துவிட்டுப் போகும். பெண்கள் பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் நாள் பார்த்து வந்து நிற்கும். வலது தாடையில் எந்த இடத்தில் வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

உள்ளே நடப்பது இதுதான். ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன்கள் ஆண், பெண் இருவர் உடம்பிலும் உண்டு. தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அவற்றின் பேச்சைக் கேட்பவை. ரத்தத்தில் வருகிற டெஸ்டோஸ்டிரோனை அந்தச் சுரப்பியே தனக்குள் இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளும். எண்ணெய் கூடும். மயிர்க்கால் குழாயின் உள்சுவரில் உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைக்கும். எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழ்கிற ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போது வீக்கமும் வலியும். இத்தனையும் நடப்பது ஃபேஸ் வாஷின் நுரை போய்ச் சேராத ஆழத்தில். மூக்கின் மேல் தெரிகிற கறுப்பு முனைகூட அழுக்கு இல்லை. மெலனினும் காற்றுப்பட்டு நிறம் மாறிய எண்ணெய்ப் பசையும்தான். ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறவர்கள் தோலின் மேல்காப்பைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்மோன் பரு என்றால் ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் தெரியாது. ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அந்த அளவுக்கே சுரப்பிகள் அளவுக்கு மீறித் துள்ளுகின்றன, அதுதான் பிரச்சினை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு “எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்கிறவரை நம்பி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ. பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி தடிப்பாக வளர்கிறது, தலையில் நடுவகிடு அகலமாகிறது என்றால் பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் திடீரென்று, வேகமாக, குரலும் தடித்துக்கொண்டு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஹார்மோன் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை பரிசோதனை எண்களை மாற்றிக் காட்டும்.

சரி, காலக்கணக்குக்கு வருகிறேன்.

ஒரு பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதன் அடைப்பு தோலுக்குள் தொடங்கிவிடுகிறது. ஆக, இன்று ராத்திரி நான் பூசுகிற க்ரீம் இன்றைக்கு முகத்தில் இருக்கும் பருவுக்கானது இல்லை, இனி வரப்போவதற்கானது. தோல் மருத்துவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்கச் சொல்வது அதனால்தான். நாமோ இரண்டாம் வாரமே கண்ணாடி முன் நின்று “இதுவும் வேஸ்ட்” என்று அடுத்ததற்கு மாறுகிறோம். அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு க்ரீம்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோலத் தெரியலாம். உதட்டோரம் காய்ந்து செதில் செதிலாக உரியும், சிரித்தால் இழுக்கும். நல்ல மருந்தைத் தூக்கியெறிந்துவிட்டு மோசமான மருந்துக்குப் போவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது!

இதை எண்களில் காட்டுகிற ஓர் ஆய்வு இருக்கிறது. 2023இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது, பெயர் சாஃபா. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடாத முகப்பரு இருந்த 410 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்ட்ரோஜனை மறிக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு அதேபோலத் தெரிகிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. வழக்கமாகப் பூசும் க்ரீம்களை இரு பிரிவினரும் தொடரலாம். 12 வாரம் கழித்து “எனக்குக் குறைந்திருக்கிறது” என்று சொன்னவர்கள் மருந்துப் பிரிவில் 72 சதவீதம், வெறும் மாத்திரைப் பிரிவில் 68. வித்தியாசம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 24 வாரத்தில் அதே கேள்விக்கு 82, 63. மூன்று மாதத்தில் நிறுத்தியிருந்தால் இந்த மாத்திரையைப் பலர் பயனற்றது என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

அந்த 68ஐயும் 63ஐயும் இன்னொரு முறை பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பரு குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே குறைந்திருக்கும். பரு ஏறும், இறங்கும். மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான் நாம் புதிதாக ஒன்றை ஆரம்பிப்போம், அதற்கப்புறம் அது தானாகவும் கொஞ்சம் இறங்கும். பாராட்டு அந்தச் சமயத்தில் கையில் இருந்த சீரத்துக்குப் போய்விடும். “எனக்கு இது கேட்டுச்சு, முன்னாடி பின்னாடி போட்டோ பாருங்க” என்று போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை வைத்து டப்பா டப்பாவாக விற்கிறவர்கள் மேல் நிறையவே இருக்கிறது. ‘வேரோடு அறுக்கும்’, ‘ஹார்மோனைச் சமன் செய்யும்’ என்று லேபிளில் எழுதியிருந்தால் நான் அதைத் திருப்பி வைத்துவிடுவேன். எந்த ஹார்மோனை, எங்கிருந்து எங்கே சமன் செய்யும் என்று கேட்டால் பதில் வராது.

மருத்துவர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. நான் போன ஒரு கிளினிக்கில் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது: டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். சாப்பிட்டவரை முகம் அமைதியாக இருந்தது, நிறுத்தியதும் பழைய கதை. திரும்பப் போனால் திரும்பவும் அதே சீட்டு. மாதவிடாய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, அதைத் தனியாகக் கொடுக்காமல் பாக்டீரியாவைக் கொல்லும் பூச்சான பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது பாக்டீரியா பழகிவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அது வீக்கத்தைத் தணிக்கும். ஹார்மோனுக்கும் சுரப்பிக்கும் நடுவே இருக்கிற பேச்சுவார்த்தையில் அதற்கு வேலை இல்லை.

(பென்சாயில் பெராக்சைடு பூசுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: அது துணியை வெளுக்கும். என் வீட்டு நீல டவலில் முகம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு திட்டு. வெள்ளை டவலும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஹார்மோனும் சுரப்பியும் நடத்தும் அந்தப் பேச்சுவார்த்தையில் குறுக்கிடுகிற மருந்துகள் வேறு. ஸ்பைரோனோலாக்டோன் ரத்த அழுத்தத்துக்கும் உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்கும் கொடுக்கப்பட்டு வந்த பழைய மாத்திரை. ஆண்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தை அது மறிக்கும். சிறுநீர் அடிக்கடி வரும், மாதவிடாய் முன்பின் ஆகலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் ஆபத்து உண்டு. ஆண்களுக்கு இதைப் பருவுக்காகக் கொடுப்பதில்லை, மார்பு வீங்கும். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைகள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டி, சுதந்திரமாகத் திரியும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். புகைப்பழக்கம் உள்ளவர்கள், ரத்தம் உறையும் சிக்கல் இருந்தவர்கள், ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் பார்ப்பவர்கள் இவற்றை எடுக்கும் முன் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை முறைகளில் சிலருக்குப் பரு கூடவும் செய்யும். எந்தக் கருத்தடை முறைக்கு மாறினீர்கள், எப்போது பரு கூடியது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தோலின் மேலேயே ஆண்ட்ரோஜனை மறிக்கிற க்ளாஸ்கோடெரோன் என்ற க்ரீமுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. அது ஆண்களும் பூசக்கூடியது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒரே வாரத்தில் முகத்தைப் பளபளப்பாக்கும் க்ரீம். பருவுக்கு ஒரு வாரத்தில் பலன் தருகிற பூச்சு என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும், எல்லோரும் “என்ன போடறே, சொல்லு” என்று கேட்பார்கள். மாதங்கள் போனால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் முகம் எரிந்து பரு முன்பைவிட மோசமாகத் திரும்பும். உடன் வேலை செய்யும் ஒரு பெண் வெயிலில் இறங்கவே முடியாமல் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும் உணவைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைவதாக ஆய்வுகள் உண்டு. பாலுக்கும், ஜிம்முக்குப் போகிறவர்கள் கலக்கிக் குடிக்கும் வே புரதப் பொடிக்கும் தொடர்பு இருப்பதாகவும் சொல்கிறார்கள். முயன்று பாருங்கள், தப்பில்லை. ஆனால் பருவைப் பார்த்துப் பயந்து தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, கடைசியில் சாப்பிடவே அஞ்சுகிற நிலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அது பருவைவிடப் பெரிய நோய்.

கறுப்புத் தடங்களுக்கு நான் கண்ட ஒரே உருப்படியான வழி கையை முகத்திலிருந்து எடுப்பதும் தினமும் சன்ஸ்கிரீன் போடுவதும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு போன பிறகும் தடம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் கறுப்பாக்கும். கிள்ளினால் தடம் குழியாக மாறும், குழிக்கு க்ரீம் கிடையாது. முக்கியமான நாளில் பெரிய கட்டி வந்து நின்றால் தோல் மருத்துவர் அதற்குள் சின்னதாக ஓர் ஊசி போட்டு ஓரிரு நாளில் அமுக்கிவிடுவார். நகத்தால் கிள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல்.

“எப்போது நிரந்தரமாகச் சரியாகும்?” என்கிற கேள்வியை நான் விட்டுவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் “இன்னுமா சாப்பிடறே?” என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. பருவுக்குச் சாப்பிட்டால் மட்டும் சுளிக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரை பலருக்கு முகத்தை அடியோடு மாற்றியிருக்கிறது. அதைச் சாப்பிட்டும் முப்பதுகளில் தாடையில் திரும்ப வந்தவர்களும் உண்டு. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது முதல்முறையாகப் பரு பார்க்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். என் முகத்தில் இப்போதும் எப்போதாவது ஒன்று வரும். அந்த மாதம் க்ரீமை மாற்றுவதில்லை, அவ்வளவுதான்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைச் சீட்டு எழுதுகிறவர்களே சில நேரம் சொல்ல மறக்கிறார்கள். ஐசோட்ரெட்டினாயின் கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும், கர்ப்பத்தின்போது ஒரு மாத்திரைகூடக் கூடாது. ஸ்பைரோனோலாக்டோனும் டாக்சிசைக்ளினும் ஆகாது. ரெட்டினாய்டு க்ரீம்களையும் நிறுத்தச் சொல்வார்கள். அசெலாயிக் அமிலப் பூச்சைப் பொதுவாகத் தொடரலாம். மெதுவாக வேலை செய்வது, ஆனால் பருவோடு கறுப்புத் தடத்துக்கும் ஆகும். ‘நாள் தள்ளிப்போயிருக்கிறதோ’ என்று சந்தேகம் வந்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை இது. முயற்சி தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து எதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.