ஃபோர்ட்நைட் என்றால் எத்தனை நாள்?

"ஒரு ஃபோர்ட்நைட்டில் முடித்துத் தருகிறோம்" என்று அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு மெயில் போட்டேன். "அது என் பையன் ஆடுகிற கேம் ஆச்சே?" என்று பதில் வந்தது. 2017இல் வந்த அந்த கேமுக்கு எழுத்துக்கூட்டே வேறு. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே எல்லோரும் 'டூ வீக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள், இது தாத்தா காலத்துச் சொல்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அர்த்தம் அரைகுறைதான். உள்ளே 'ஃபார்ட்டி' ஒளிந்திருக்கிறது என்றே பள்ளியிலிருந்து நினைத்திருந்தேன். நாற்பது இரவு எப்படி இரண்டு வாரமாகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை! அன்றுதான் அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவு' என்று இரண்டு சொல்லாக இருந்தது, வாயில் புழங்கித் தேய்ந்து ஒன்றாகியிருக்கிறது. ஏழு இரவுக்கு 'சென்னைட்' என்றும் ஒரு சொல் இருந்து வழக்கொழிந்துவிட்டது. பெயரில் சென்னை இருப்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

பகலை விட்டுவிட்டு இரவை ஏன் எண்ணினார்கள்? ஜெர்மானியக் குடிகள் நாட்களை அல்ல, இரவுகளையே கணக்கு வைப்பார்கள், இரவுதான் பகலைக் கூட்டி வருகிறது என்பது அவர்கள் எண்ணம் என்று ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியிருக்கிறார். வெல்ஷ் மொழியில் இன்றைக்கும் வாரம் என்றால் 'எட்டு இரவு', இரண்டு வாரம் 'பதினைந்து இரவு'. முதலும் கடைசியும் சேர்த்து எண்ணுகிற கணக்கு. நவராத்திரி கொண்டாடுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நம் ஊரில்தான் குழப்பம். இரண்டு வாரத்தைப் 'பதினஞ்சு நாள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான். சட்டமும் இப்போது நம் பக்கம் வந்துவிட்டது. வங்கிகளின் ரொக்க இருப்புக் கணக்குக்கு முன்பு ஃபோர்ட்நைட் என்றால் சனிக்கிழமை தொடங்கி இரண்டாவது வெள்ளி முடிய, சரியாக 14 நாள். 2025இல் வங்கிச் சட்டங்களைத் திருத்தியபோது, 1 முதல் 15ஆம் தேதி வரை ஒன்று, 16 முதல் மாதக் கடைசி வரை இன்னொன்று என்று மாற்றினார்கள். அதாவது பிப்ரவரியில் 13 நாள்கூட ஒரு ஃபோர்ட்நைட். 31 தேதி உள்ள மாதத்தில் 16 நாள். கணக்கு வைக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பெயருக்குள்ளேயே பதினான்கை வைத்திருக்கும் சொல்லை இப்படிப் பண்ணலாமா?

அந்த வாடிக்கையாளருக்கு இப்போது தேதியே போட்டு அனுப்புகிறேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஃபோர்ட்நைட்டும் இருக்கும். அதை மட்டும் விடுவதாக இல்லை.