ஏசினால்தான் விளையாடுவாங்களாம்!

ஏசினால்தான் பெடியள் விளையாடுவாங்கள் என்று இந்தக் கோச்மாருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? திருகோணமலையில் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் பின்னேரம் நாலரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். பந்துச் சத்தத்துக்கு முதல் கோச்சின் சத்தம் கேட்கும். மாடு, எருமை, மரமண்டை, உதவாக்கரை. கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற நேரத்திலும் அந்தக் குரல் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். ஒரு நாள் இரண்டு மான்கள் மைதானத்துக்குள் வந்து நின்றுவிட்டன. எங்கள் ஊரில் அது புதினமில்லை. பயிற்சி ஐந்து நிமிடம் தடைப்பட்டது, அதற்கும் ஏச்சு வாங்கியது பெடியள்தான்.

எந்த மைதானம், எந்தக் கழகம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவ்வளவு சின்ன ஊர் இது. அதோடு, ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்து மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

அக்காவின் மகன் 15 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பாளர். அண்மையில் ஒரு போட்டி. முதல் பாதி முடியப் போகிற நேரம் பின்களத்துப் பெடியன் ஒருவன் நெருக்கடியில் பந்தை இவனிடம் திருப்பி உதைத்தான். மைதானத்தின் அந்தப் பக்கம் முழுக்க மேடு பள்ளம். பந்து ஒரு கட்டியில் பட்டு எகிறி, இவன் காலுக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. சரி, கோல். யாருக்கும் நடக்கிற விசயம்.

கோச் கோட்டுக்கு வந்து நின்று கத்தினார். "டேய், கடவுள் உனக்குக் கையை எதுக்குத் தந்தவர்? சோறு தின்னவா? ஏன்டா கையால பிடிக்கல்ல?"

கவனியுங்கள். தன் அணிக்காரன் வேண்டுமென்று காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்பது 1992இல் வந்த விதி. தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதுவும் கோலுக்கு முன்னாலேயே. அந்தப் பெடியனுக்கு அது தெரியும், அதனால்தான் காலை நீட்டினான். கோபத்தில் விதியை மறந்தது கோச். ஆனால் அத்தனை சனத்துக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றது யார்? அதோடு விட்டாரா? "உன்னை வளர்த்த காசுக்கு உங்கப்பன் ரெண்டு ஆடு வளர்த்திருக்கலாம்" என்றார். தகப்பன் வேலிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் நான் பந்தைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை பந்து கையில் வரும்போதும் முதலில் கோட்டுப் பக்கம் திரும்பி அந்த மனிசனின் முகத்தைப் பார்க்கிறான், அதற்குப் பிறகுதான் யாருக்குப் போடுவது என்று பார்க்கிறான். அதற்குள் ஆள் மறைக்கப்பட்டுவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு கோணர் உதை. பந்து கோலுக்கு ஐந்தாறு அடி முன்னால் உயரமாக மிதந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறவன் இவன். வெளியே வரவேயில்லை, கோட்டிலேயே கால் ஊன்றி நின்றான். எதிரணிக்காரன் ஆறுதலாகத் தலையால் தட்டிவிட்டான். அன்று தோல்வி.

ஏன் வரவில்லை என்று இரவு கேட்டேன். "வந்து பந்தைத் தவறவிட்டா எனக்குத்தான் ஏச்சு மாமா. நிண்டா அது பின்களத்தின்ர பிழை" என்றான்.

இதைத்தான் ஐயா நான் சொல்ல வருகிறேன்! ஏச்சுக்குப் பயந்த பிள்ளை தவறைக் குறைப்பதில்லை. தன் தலையில் விழாத தவறாகப் பார்த்துச் செய்யப் பழகுகிறான். முன்களத்துப் பெடியன் கோலுக்கு அடிக்க வேண்டிய இடத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுகிறான். அடித்துத் தவறினால் எருமை, தள்ளிவிட்டால் அவன் பாடு. நடுக்களத்தில் பந்தைக் கேட்டு ஓடி வருபவன் ஒருவனும் இல்லை, எல்லோரும் எதிரணிக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்கள். வெளியில் நின்று பார்ப்பவர்கள் "இவங்களுக்கு உசார் இல்லை" என்கிறார்கள். அந்த உசாரைப் பயிற்சி நாட்களில் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்தது யார்?

பயத்தில் உடம்பு என்ன செய்யும் என்பதும் தெரியாத விசயமில்லை. நெஞ்சு படபடக்கும், தசை இறுகும், கவனம் ஒரு சின்ன வட்டத்துக்குள் சுருங்கும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு அது நல்லது. பக்கத்தில் ஓடி வருகிற கூட்டாளியைக் கண்டு பந்து கொடுப்பதற்கு உதவாது.

"இல்லை, நான் கண்ணால கண்டிருக்கிறன். ஏசினால் அடுத்த ஆட்டம் நல்லா ஆடுறான். புகழ்ந்தால் கெட்டுப் போறான்" என்று கோச்மார் அடித்துச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. 1960களில் இஸ்ரேல் விமானப்படையில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவரும் அச்சொட்டாக இதையேதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் டானியல் கானமன், பின்னாளில் 2002இல் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற உளவியலாளர். அவர் அந்தப் பயிற்றுவிப்பாளர்களை முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓர் இலக்கை நோக்கித் திரும்பிப் பார்க்காமல் இரண்டு முறை நாணயம் எறியச் சொன்னார். முதல் முறை நன்றாக எறிந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் முறை மோசம், முதல் முறை மோசமாக எறிந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் முறை பரவாயில்லை. யாரும் யாரையும் ஏசவில்லை, புகழவுமில்லை.

விசயம் இவ்வளவுதான். ஒருவன் தன் வழக்கத்தைவிடப் படுமோசமாக ஆடிய நாளில்தான் ஏச்சு விழுகிறது. அடுத்த நாள் அவன் எப்படியும் தன் வழக்கமான ஆட்டத்துக்குத் திரும்பத்தான் போகிறான், நீங்கள் ஏசினாலும் சரி, வாயை மூடிக்கொண்டு பிளேன்டீ குடித்தாலும் சரி. அந்தத் திரும்புதலுக்கு "என்ர ஏச்சுத்தான் காரணம்" என்று கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் ஆயுள் முழுக்க அந்தப் பொய்க் கணக்கிலேயே ஓடுகிறது.

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது: நின்று போனவர்கள். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் சிறுவர் பேஸ்போல் கோச்மாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1992இல் வெளிவந்தது. ஒரு பகுதிக் கோச்மாருக்கு, பிள்ளைகளை எப்படி ஊக்குவிப்பது, தவறு நடந்தால் ஏசாமல் எப்படித் திருத்துவது என்று ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை அவர்கள் பாட்டில் விட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்துக்குத் திரும்பி வராத பிள்ளைகள், பயிற்சி பெற்ற கோச்மாரிடம் நூற்றுக்கு 5, மற்றவர்களிடம் நூற்றுக்கு 26. வெற்றி தோல்வியில் இரு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. ஏசாததால் யாரும் கூடுதலாகத் தோற்கவில்லை, கேட்டீர்களா?

எங்கள் ஊரில் நின்று போகிற பெடியன் "கோச் ஏசினார், அதான் நிண்டுட்டன்" என்று சொல்ல மாட்டான். "ஓ.எல். சோதினை வருது", "ரியூசன் இருக்கு", "முழங்கால் நோகுது" என்பான். கோச்சும் "இந்தக் காலத்துப் பெடியளுக்கு போன்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு மிச்சமுள்ளவர்களை ஏசப் போய்விடுவார்.

இதில் பெற்றோர் பக்கமும் லேசுப்பட்டதில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போதே "கண்ணை மட்டும் விட்டிட்டு மற்றதையெல்லாம் உரிச்செடுங்கோ சேர்" என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். கேட்டால் அடியாத மாடு படியாது. மாடு படியட்டும், அதற்கு ஏர் இழுத்தால் போதும். எதிரணிக்காரன் என்ன செய்யப் போகிறான் என்று அரை நொடிக்குள் யோசிக்க வேண்டிய பிள்ளையைப் பற்றியல்லவா நாங்கள் பேசுகிறோம்?

கொஞ்சம் பந்து பார்க்கிறவர்கள் உடனே மான்செஸ்டர் யுனைட்டெட்டின் பழைய கோச் அலெக்ஸ் ஃபேர்குசனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஏசவில்லையா, கிண்ணம் கிண்ணமாக வெல்லவில்லையா? ஏசினார், வென்றார். 2003 பெப்ரவரியில் ஆர்சனலிடம் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் தோற்ற பிறகு உடைமாற்றும் அறையில் ஒரு சப்பாத்தை உதைத்து, அது தன் அணிக்காரன் டேவிட் பெக்காமின் புருவத்தைக் கிழித்ததும் அவர்தான். அந்தக் கோடையிலேயே பெக்காம் ரியல் மட்ரிட்டுக்குப் போய்விட்டார். பெக்காமுக்குப் போக மட்ரிட் இருந்தது. உப்புவெளியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த மட்ரிட் இருக்கிறது? ஃபேர்குசனின் கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்களே, அந்த மனிசன் இளம் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்த் தாய் தகப்பனுடன் இருந்து பேசிய பழக்கத்தையும் எடுத்தால் என்ன?

உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் கிரிக்கெட் டெஸ்ட். நடுவர் டரல் ஹெயார் எங்கள் சுழல் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின், அதாவது முரளியின், பந்தை எறிபந்து என்று ஏழு தடவை நோ போல் சொன்னார். அத்தனை ஆயிரம் பேர் முன்னால் ஒரு பந்துவீச்சாளனுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்? அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியைத் தூக்கி எறியவில்லை. மறுமுனைக்கு மாற்றித் தொடர்ந்து பந்து போட வைத்தார். அந்த முரளிதான் பிறகு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அன்றைக்கு எங்கள் கோச் அணித்தலைவராக இருந்திருந்தால் "கையை நேரா வைக்கத் தெரியாதாடா எருமை" என்றிருப்பார்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிந்தி வந்தால் நாலு சுற்று ஓட விடுங்கள். பயிற்சியில் பகிடி விட்டால் வெளியே இருத்துங்கள். "கால் பாதத்தைத் திருப்பி வை, பந்து வருமுன் தோளுக்கு மேலால் ஒருக்காப் பார்" என்று எவ்வளவு சத்தமாகவும் சொல்லுங்கள், கடல் இரைச்சலில் சத்தம் போட்டால்தான் கேட்கும். அதில் அவன் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. "எருமை" என்பதில் என்ன இருக்கிறது? நாளைக்கு எதைத் திருத்துவது, கொம்பையா?

இந்தக் கோச்மாரில் பலர் சம்பளம் இல்லாமல், சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுத்து, வெயிலில் கருகி நிற்பவர்கள் என்பதும் தெரியும். அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடனைப் பிள்ளைகளின் தன்மானத்தில் வசூலிக்க முடியாது.

நடுவரை ஏசினால் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று 2019இல் விதி வந்துவிட்டது. பாடசாலையில் பிள்ளைக்கு அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை முறைப்பாட்டைக் கேட்கும். இவ்வளவும் இருந்தும், பின்னேரம் நாலரைக்கு மைதானத்தில் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவரிடம் "சேர், கொஞ்சம் மெல்ல" என்று சொல்ல ஒரு பெரியவருக்கும் வாய் வருவதில்லை. அடுத்த போட்டியில் பிள்ளையை எடுக்காமல் விட்டுவிடுவாராம்.

கழகக் கூட்டம் சனிக்கிழமை. நான் போகிறேன். "உங்கட மருமகனுக்குச் செல்லம் கூடிப்போச்சு" என்ற பதில் வரும், அதுவும் தெரியும். வரட்டும். ஒரேயொரு கேள்விதான் கேட்கப் போகிறேன்: போன வருசம் பெயர் பதிந்த பெடியளின் கொப்பி உங்களிடம்தானே இருக்கிறது, அதைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள் பார்ப்போம், இப்போது எத்தனை பேர் வருகிறார்கள்?