ஈரக் கைக்குட்டை போகிப் புகையைத் தடுக்குமா?

"போகிப் புகைக்கு ஈரக் கைக்குட்டையே போதும்" என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. கண்ணுக்குத் தெரியும் கரித்தூள்தான் துணியில் நிற்கும். ஆபத்தான பிஎம் 2.5 எனும் நுண்துகள்களின் அளவு 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இழை இடுக்கில் நுழைந்து நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். துணியை நனைத்தால் மூச்சுவிடத்தான் சிரமம்.

என்95 மாஸ்க் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டியிருந்தால். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். மூச்சு விடும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. தாடி இருந்தாலும் கசியும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை மாஸ்க் தடுக்காது. டயர் எரியும் இடத்தில் நிற்கவே வேண்டாம்.

வீட்டில் ஜன்னலைச் சாத்துங்கள், விண்டோ ஏசியின் வெளிக்காற்றுத் திறப்பையும். சாத்திய அறைக்குள் கொசுவத்தி கொளுத்துவது என்ன கணக்கோ!