விழுந்த டுரியான் யாருக்கு?

நேற்று ராத்திரி எங்கள் வாட்சப் குழுவில் பட்டர்வொர்த் தம்பி ஒருவன் ஒரே கொதிப்பு. ஈவ் ஆன்லைன் கேமில் ஒரு மணி நேரம் மிஷன் (கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரிகளை அழிக்கும் வேலை) அடித்து எதிரிக் கப்பல்களையெல்லாம் உடைத்துப் போட்டிருக்கிறான். எவனோ சின்னக் கப்பலில் நுழைந்து, உடைசலில் கிடந்த சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். “அண்ணே, இவனுங்கள கம்பெனி ஏன் தடை பண்ண மாட்டேங்குது?” ஆறு பேர் அதற்குக் கைத்தட்டல். எனக்கு அந்தப் பக்கம் நிற்க மனமில்லை. குழுவில் சொன்னால் விடிய விடிய சண்டை நடக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன். (அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், தெரியும்.)

விளையாடாதவர்களுக்கு ஒரு வரி: 2003-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் வெளியிட்ட விண்வெளிப் போர் விளையாட்டு இது. தினமும் ஜிஎம்டி 11 மணிக்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். மலேசியாவில் நமக்கு அது இரவு 7 மணி. பினாங்குப் பாலத்து நெரிசலில் நசுங்கி வீடு வந்து உட்காரும் நேரம் பார்த்துக் கடை சாத்தியிருக்கும்.

இப்போது திருட்டுக்கு வருவோம். நான் உடைத்த கப்பலின் உடைசல் எனக்கு வெள்ளையாகத் தெரியும், மற்றவன் கண்ணுக்கு மஞ்சள். மஞ்சளில் கை வைத்தால் அவன் 15 நிமிடம் ‘சஸ்பெக்ட்’. அந்த நேரத்தில் அவனை யார் வேண்டுமானாலும் சுடலாம், விளையாட்டுக்குள் இருக்கும் கான்கார்ட் போலீஸ் தலையிடாது. 2012 டிசம்பருக்கு முன்னால் பறிகொடுத்தவனும் அவன் கூட்டத்தாரும் மட்டும்தான் சுடலாம் என்றிருந்தது. ஊரே சுடலாம் என்று மாற்றிய பிறகும் திருட்டு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று என் காசைக் கொட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது என்னிடம் ரேவன் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்று இருந்தது. மூன்று மாதம் சேர்த்து, உள்ளே போட்டதெல்லாம் விலை கூடின சாமான். ஒருத்தன் வந்தான், எடுத்தான், மஞ்சளானான், ஓடாமல் பக்கத்திலேயே நின்றான். ஓடாமல் நிற்கிறானே என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பட்டனைத் தட்டிவிட்டேன். தெரியாமல் குற்றம் செய்துவிடாதபடி தடுக்கும் சேஃப்டி பச்சையில்தான் இருந்தது, ஆனால் சஸ்பெக்டைச் சுடுவதை அது தடுக்காது. என் பெரிய ஏவுகணை அவன் சுண்டைக்காய்க் கப்பலை உரசக்கூட இல்லை. நான் சுட்ட அந்தக் கணமே என்னைத் திருப்பிச் சுடும் உரிமை அவனுக்கு வந்துவிட்டது. சட்டென்று போனான், சண்டைக்கென்றே கட்டிய கப்பலில் திரும்பி வந்தான், என்னை வார்ப் செய்து (பாய்ந்து) தப்பவிடாமல் பிடித்துக்கொண்டான். மிஷன் எதிரிகளின் அடியைத் தாங்கத்தான் என் கவசம் அமைத்திருந்தேன். அவன் அடித்தது வேறு வகை அடி. என் பக்கத்தில் இருந்த மிஷன் கப்பல்களும் சும்மா இல்லை, அவனுக்குத் துணையாக என்னைத்தான் சுட்டுக்கொண்டிருந்தன. கிட்டத்தட்ட 1 பில்லியன் இஸ்க் (விளையாட்டுக் காசு) அன்றைக்குப் புகைந்தது. அவன் முதலில் எடுத்த சாமான் ஒரு தே தாரிக் விலைக்குக்கூடப் பெறாது.

என் தாத்தா பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்தில் காவல் இருந்தவர். அங்கே டுரியானைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழவேண்டும். ராத்திரி ‘தொப்’பென்று சத்தம் கேட்டதும் டார்ச்சோடு ஓடவேண்டும். திருடன் மரம் ஏற வேண்டியதில்லை, தாத்தாவைவிட வேகமாக ஓடினால் போதும். தாத்தா குடிசையில் பாராங் கத்தி தொங்கும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஒருநாளும் துரத்தியதில்லை. “நான் இவன் பின்னாடி ஓடுனா மத்த மரத்துக்கு யாருடா நிக்கிறது?” என்பார். சில பயல்கள் ஒரு பழத்தை வேண்டுமென்றே சத்தமாக எடுத்துக்கொண்டு ஓடுவார்களாம். மற்றவன் மறுபக்கம் சாக்கோடு காத்திருப்பான். பிற்பாடு முதலாளி மரங்களுக்கடியில் வலை கட்டினார். ராத்திரி ஓட்டம் பாதியாகக் குறைந்தது.

அந்த வலை 2013 நவம்பரில் விண்வெளிக்கும் வந்தது, மொபைல் டிராக்டர் யூனிட் என்ற பெயரில். உள்ளே நுழைந்ததும் அதை இறக்கிவிட்டால், 125 கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள உடைசலை ஒவ்வொன்றாக இழுத்துச் சாமான்களைத் தன் வயிற்றில் போட்டுக்கொள்ளும். மற்றவனுக்கு வேண்டுமென்றால் அதையே உடைக்கவேண்டும். அதையும் செய்வார்கள், பாவிகள். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், என்னைத் தேடும் ப்ரோப் (உளவுக் கருவி) டி-ஸ்கேன் என்ற ரேடாரில் தெரிந்த உடனே நான் யூனிட்டைச் சுருட்டிவிடுவேன்.

குழுவில் இன்னொரு கூச்சலும் கேட்டது: சால்வேஜ், அதாவது உடைசலின் இரும்பைப் பிரித்து, எடுப்பவனும் திருடனாம். அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உடைசலுக்குள் இருக்கும் சாமான் எனக்குச் சொந்தம், உடைசலின் இரும்பு யாருக்கும் சொந்தமில்லை. விளையாட்டின் விதியே அதுதான். நம் தாமானில் ஒலிபெருக்கி கட்டி “சூராட் காபார் லாமா” (பழைய பேப்பர்) என்று கத்திக்கொண்டு வரும் லாரிக்காரரைத் திருடன் என்போமா? வெளியே தூக்கிப் போட்டதை அவர் கொண்டுபோகிறார், அவ்வளவுதான்.

தடை கேட்பவர்களிடம் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். புதியவர்கள் தொடங்கும் வட்டாரங்களில் இப்படித் தூண்டில் போடுவதைக் கம்பெனி ஏற்கெனவே தடுத்திருக்கிறது, அது நியாயம். நேற்று வந்த பிள்ளைக்கு மஞ்சள் எது, வெள்ளை எது என்று எப்படித் தெரியும்? ஆனால் நம் தம்பி ஐந்து வருடமாக ஆடுகிறான். திருடன் வரமுடியாத வானம் வேண்டுமென்றால் தனியாக ஆடுகிற கேம் ஆயிரம் இருக்கிறது. ஒரு பெண்ணை மீட்டு வரும் மிஷனில், அந்தப் பெண்ணையே தூக்கிக்கொண்டு போய்ப் பிணைப்பணம் கேட்பவர்கள் உண்டு. எரிச்சல்தான். ஆனாலும் அந்தக் கதையை இத்தனை வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பதும் நாம்தானே.

போன சனிக்கிழமை ஒருத்தன் வந்தான். மிஷன் முடிந்துவிட்டது, எதிரி ஒருவனும் மிச்சமில்லை, நல்ல சாமான் எல்லாம் என் கப்பலுக்குள். எட்டாத ஓரத்து உடைசல் ஒன்றைத் திறந்து எதையோ எடுத்தான், மஞ்சளானான், என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான் எழுந்து போய் ஒரு தே ஓ கலக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். லோக்கல் என்ற பொது அரட்டையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான். நான் பதில் எழுதவில்லை. மிச்ச உடைசல்களைக் கிளிக் செய்து கைவிட்டுவிட்டேன். அவன் திரையில் மஞ்சள் எல்லாம் நீலமாகியிருக்கும், யார் எடுத்தாலும் குற்றமில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு ஒன்றைக்கூடத் தொடாமல் போய்விட்டான்.