அது கோமா இல்லை, சாவு

மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் அப்பா அம்மா உறுப்புதானத்துக்குச் சம்மதித்த செய்திக்குக் கீழே வந்த கமெண்ட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இதயம் துடிக்கும்போதே அறுத்துட்டாங்க." என் நட்பு வட்டத்திலேயே மூன்று பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மூளைச்சாவு கோமா இல்லை. கோமாவிலிருந்து சிலர் எழுந்து வருவார்கள். மூளைச்சாவு அடைந்தவர் வருவதில்லை, அது சாவுதான். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டாம், ஆக்சிஜன் கிடைத்தால் கொஞ்ச காலம் தானே துடிக்கும். அந்த ஆக்சிஜனை வென்டிலேட்டர் கொடுக்கிறது.

என் தம்பிக்குப் பைக் விபத்து. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நான் நின்றிருந்தேன். மூளைச்சாவா என்று பார்க்கக் கண்ணில் டார்ச் அடித்தார்கள். காதில் ஐஸ் தண்ணீர் விட்டார்கள், கண் அசையவில்லை. அப்புறம் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் குழாயில் விட்டுக் காத்திருந்தார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு, உயிரோடு இருந்தால், மூச்சை இழுத்தே தீரும். நெஞ்சின் மேல் கிடந்த பச்சைப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை. அப்போதும் ஏறவில்லை. தம்பியின் உறுப்புகளைக் கொடுத்தோம்.

"எல்லாம் காசுக்காக" என்பீர்கள். கிட்னி வியாபாரம் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. அது உயிரோடு இருக்கிற ஏழையிடம் நடந்த கொடுமை. இது வேறு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைச்சாவு என்று நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர் அதில் இருக்கவே கூடாது. தப்பு நடந்த இடம் தெரிந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த அப்பா அம்மா இருவருமே டாக்டர்கள். மகனுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குமா தெரியாது?

சரி, சட்டத்தை விடுங்கள். தம்பியின் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் அம்மாவிடமே கேட்டார், "எவ்வளவு குடுத்தாங்க?" அம்மா பதில் பேசாமல் எழுந்து போய், வந்தவர்களுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த முதுகை இன்னும் மறக்க முடியவில்லை. உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாட்டில் 2023-ல்தான் அறிவித்தார்கள், நல்லது. தம்பிக்கு அது கிடைக்கவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. நேற்று செய்தியைப் படித்துவிட்டு, அந்தப் பையனின் தாயைப் பற்றி அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொண்ணு பக்கத்துல யாராவது இருக்காங்களாடா?"

அந்தத் தாயும் போன் வைத்திருப்பாள், படிப்பாள். மூன்று பேரும் அந்த லைக்கை எடுத்துவிடுங்கள்.