சம்ப் தோண்டும்போது ஒரு நிமிஷம் பாருங்க

போன மாசம் எங்க ராயபுரம் தெருவில் ஒரு வீட்டுக்கு சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, தோண்டினார்கள். ஆளுயரப் பள்ளத்தில் பானை ஓடுகள் வந்தன. கட்டைவிரல் தடிமன், விளிம்பில் கயிறு முறுக்கினது போல ஒரு வரி. மேஸ்திரியிடம் காட்டினேன். “தம்பி, வெளிய சொல்லாத. வேலைய நிறுத்திடுவாங்க” என்றார். சாயங்காலமே எல்லாம் ரப்பிஷ் லாரியில் போய்விட்டது.

எனக்கு மத்தியதரைக் கடலில் இருக்கிற மால்டா தீவு ஞாபகம் வந்தது. கப்பலில் வேலை பார்த்தபோது அங்கே நாலு நாள் நின்றோம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தார்ஷீன் என்ற ஊர். நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் பெருங்கற்கோயில்கள். கி.மு. 3600-லிருந்து 2500 வரைக்கும் உள்ள காலம். 1913-ல் ஏர் உழுத விவசாயிக்குக் கல் தட்டுப்பட, அவர் மியூசியத்தில் போய்ச் சொன்னார். 1915-ல் அகழாய்வு தொடங்கியது. உருண்டை உருண்டையாகக் கல் கிடக்கிறது. அதன்மேல் உருட்டித்தான் பெருங்கற்களை நகர்த்தினார்களாம். போட்டோவைப் பார்த்த எங்க ஆயா, காசிமேட்டில் அறுபது வருஷம் மீன் விற்றவர், “நாங்க படகுக்குக் கட்டை போட்டு இழுக்கல? அதேதான்” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஹால் சஃப்லியெனி. பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த நிலத்தடி இடுகாடு, சுமார் 7000 பேரைப் புதைத்த இடம். 1902-ல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்கள் அதன் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வேலை கெடக்கூடாதென்று முதலில் மறைத்தார்கள். எங்க மேஸ்திரிக்கு இருந்த அதே பயம்.

அவரைத் திட்ட எனக்கு மனசில்லை. கடன் வாங்கிக் கட்டுகிறவன் வேலை நின்றால் யார் வட்டி கட்டுவது? அரசாங்கம் ஒரு ஆளை உடனே அனுப்பி, ரெண்டு நாளில் பார்த்து, நிற்கிற நாளுக்குக் கூலியும் கொடுத்தால் யாரும் மறைக்க மாட்டார்கள். இந்தச் செலவை நான் பெரிதாக நினைக்கவில்லை.

“வடசென்னைல என்ன இருக்கப் போவுது?” என்று கேட்கிறார்கள். பல்லாவரத்தில் மட்டும் என்ன இருந்ததென்று நினைத்தார்கள்? 1863-ல் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் அங்கே கற்காலக் கற்கோடரியை எடுத்தார், பிறகு இறந்தவரை வைத்துப் புதைக்கிற சுடுமண் ஈமப்பேழையும் கிடைத்தது. தேடியதால் கிடைத்தது.

லாரி கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு ஓடு எடுத்து வைத்தேன். நூறு வருஷப் பானையாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். உங்க தெருவில் பள்ளம் தோண்டினால் போட்டோ எடுத்து இங்கே போடுங்க.